பிஸ்கட் பேணியும் பத்துப் படச்சுருளும்

இளங்கீரன் தன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடி வேலை செய்யப் பழகியிருந்தான். வீட்டுத் தளபாடம் தூக்குகிறவனுக்கு அது எப்படி முடியும் என்று கேட்கலாம். தூக்குகிற நேரம் தூக்குவான். இறக்கி வைத்த மறுகணம் கைகள் பைக்குள் போய்விடும். துஷாந்த் பக்கத்தில் நின்றால் இன்னும் ஆழமாகப் போகும்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன், அகதியாக வந்து குடியேறிய டண்டினொங்கில் ஒரு பிறந்தநாள் விழா. இளங்கீரன் உள்ளே நுழைந்தபோது மகேந்திரராஜா என்பவர் ஒரு பகிடி விட்டார். "வில்லாவுட் மாப்பிள்ளை வந்திட்டார். சாப்பாட்டுக்கு வரிசை தொடங்கிற இடத்தை ஆராவது அவருக்குக் காட்டுங்கோ." இளங்கீரன் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று நான்கு வருடம் கிடந்தவன். மண்டபமே சிரித்தது. அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். பிறகு ஒரு மடக்குக் கதிரை அவன் கையில் இருந்தது. அதை மகேந்திரராஜாவின் முகத்தில் இறக்கினான். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. இரண்டாவது அடியில் அந்த மனிதர் விழுந்துவிட்டார். மூன்றாவது அடி விழுந்து கிடந்தவருக்கு விழுந்தது. அந்த மூன்றாவது அடிக்கு இளங்கீரனிடம் இன்றுவரை ஒரு நியாயமும் இல்லை.

தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்துக் கட்டியும் மகேந்திரராஜாவின் வாய் இடப்பக்கம் சரியாக மூடவில்லை. நீதிமன்றம் இளங்கீரனைச் சிறைக்கு அனுப்பவில்லை, இரண்டு வருடம் ஒழுங்காக இரு என்று விட்டது. குடிவரவு அலுவலகம் அப்படி விடவில்லை. உன் விசாவை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. வழக்கறிஞர் தர்சினி ஒளித்துமறைக்காமல் சொன்னாள். "அண்ணா, இனி ஒருத்தரிலயும் கை வைக்காதேங்கோ. ஆரும் அடிச்சால் வாங்கிக்கொண்டு நில்லுங்கோ. திருப்பி ஒண்டு குடுத்தீங்களெண்டால் வில்லாவுட், அதுக்குப் பிறகு கொழும்புக்கு பிளேன். நீங்கள் நல்ல ஆள் எண்டு எழுதித் தரக்கூடிய ஆக்களிட்டக் கடிதம் எடுங்கோ."

மனைவி சிவகௌரி அந்தக் குடிவரவுக் கடிதத்தைச் சாமி அறையில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். மகளின் பள்ளிக்கூட விண்ணப்பமும் அங்கேதான் இருந்தது. அவர்கள் வீட்டில் எது முக்கியமோ அது சாமிக்கு முன்னால் இருக்கும்.

வேலை ஞானேந்திரனிடம். மன்னார்க்காரர், மாதா பக்தர். இறந்துபோனவர்களின் வீடுகளை வெறுமையாக்கிக் கொடுப்பது அவர் தொழில். பிள்ளைகள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், கட்டிலிலிருந்து கரண்டிவரை இவர்கள் அள்ளி டண்டினொங்கில் உள்ள களஞ்சியத்துக்குக் கொண்டுவருவார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஞானேந்திரன் ஒரு புதியவனை வேலைக்கு எடுத்தார். அவன்தான் துஷாந்த், மகேந்திரராஜாவின் தம்பி. இரண்டு பேரையும் ஒரு கூரைக்குக் கீழே விட்டால் கோபம் தானாகத் தணியும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்தார். நல்ல மனமும் சில நேரம் அவசரப்படும்.

துஷாந்த் வந்த முதல் நாளே தோளால் இடித்து இளங்கீரனைச் சுவரோடு சாத்தினான். இரண்டாவது கிழமை தளபாடம் ஏற்றும் வானின் கதவை அவன் விரல்களின் மேல் சாத்தினான். இரண்டு நகம் கறுத்து விழுந்தது. ஒருநாள் தளபாடம் கட்டுகிற பட்டியைச் சுழற்றி, அதன் இரும்புக் கொக்கியால் முழங்காலுக்குக் கீழே அடித்தான். எலும்பில் பட்ட சத்தம் இருவருக்கும் கேட்டது.

"அடியுங்கோ அண்ணை," என்பான் துஷாந்த், மிக மரியாதையாக. "ஒருக்கா அடியுங்கோ. அங்க பாருங்கோ, கமராவும் இருக்கு. வடிவா விழும்."

இளங்கீரன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். காலால் இரத்தம் சப்பாத்துக்குள் இறங்கும். ஞானேந்திரனிடம் அவன் எதையும் சொல்லவில்லை. தனக்கு வரவேண்டியதுதான் வருகிறது என்று அவனுக்குள் ஒரு எண்ணம். மகேந்திரராஜாவை அவன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. வழக்கு முடியும்வரை போகக்கூடாது என்றார்கள். முடிந்தபிறகு வெட்கம் போகவிடவில்லை.

செப்டெம்பரில் ஒரு கிழட்டு ஆங்கிலேயரின் வீட்டை வெறுமையாக்கினார்கள். கராஜில், புல்லு வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் துருப்பிடித்த பதினொரு வட்டத் தகரங்கள், ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பைத் தட்டளவு. ஒன்றைத் திறந்தான். புளித்த காலுறை மணம் அடித்தது. உள்ளே படச்சுருள். நுனியைப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

நகத்தளவு படங்கள். தொப்பி போட்ட ஒருவன் தடியை ஓங்கி நிற்கிறான். அடுத்த படத்தில் தடி கொஞ்சம் கீழே. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இளங்கீரன் எண்ணினான். தடி எதிரில் நிற்பவனின் தலையில் படுவதற்கு எட்டுப் படங்கள் தேவைப்பட்டன. ஒரு அடிக்குள் இத்தனை இடைவெளி இருக்கிறதா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவதில் நிறுத்தியிருக்கலாம். ஆறாவதில்கூட நிறுத்தியிருக்கலாம். கதிரையும் அப்படித்தான் இறங்கியிருக்கும்.

ஞானேந்திரன் யாரையோ கேட்டு, பழைய படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தார். வியாழக்கிழமை அங்கிருந்து சயந்தினி வந்தாள். முப்பது வயது இருக்கும், இங்கே வளர்ந்த பிள்ளை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தகரமாக மணந்து பார்த்தாள். பிரிட்டனில் சினிமா தொடங்கிய முதல் வருடங்களில் எடுத்த குறும்படங்கள் இவை என்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடும். சந்தையிலும் கொட்டகையிலும் காட்டினார்கள். பெரும்பாலும் அடிதடி. பொலிஸ்காரனை அடிப்பது, மனைவி கணவனை அடிப்பது, எல்லோரும் சேர்ந்து ஒருவனைத் துரத்திப் பிடித்து மொத்துவது, மக்கள் வயிறு நோகச் சிரிப்பது. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பங்கு எரிந்தும் உக்கியும் குப்பைக்குப் போயும் அழிந்துவிட்டன. தப்பியிருப்பவை கொஞ்சம்தான்.

"ஆனா அண்ணா, இது நைட்ரேட் ஃபில்ம். சரியான டேஞ்சர். பத்திச்சுதெண்டால் தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும்."

அவள் கொண்டுவந்த பாதுகாப்புப் பெட்டிக்குள் ஒரு சுருள்தான் பிடித்தது. இருப்பவற்றில் உறுதியானதைத் தெரிந்து எடுத்துக்கொண்டாள். மற்றப் பத்துக்கும் அனுமதி பெற்ற வாகனம் திங்கட்கிழமை வரும், அதுவரை பின்வளவில் உள்ள சீமெந்துக் கொட்டிலில், அதே தகரங்களில் இருக்கட்டும், அந்தப் பக்கம் நெருப்பே போகக்கூடாது என்றாள். இளங்கீரன் தயங்கித் தயங்கித் தன் விசா விசயத்தைச் சொல்லி ஒரு கடிதம் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. குப்பைக்குப் போகவேண்டியதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், கட்டாயம் எழுதுகிறேன், திங்கட்கிழமை கையோடு கொண்டுவருகிறேன் என்றாள்.

துஷாந்த் வாசலில் சாய்ந்து நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி இளங்கீரன் செய்த பிழையைச் சொல்லவேண்டும். அந்தச் சீமெந்துக் கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. அதைவிட மோசம், துஷாந்த் சிகரெட் குடிக்கிற இடம் அது. வெள்ளிக்கிழமை காலைதான் அது இளங்கீரனுக்கு நினைவுக்கு வந்தது. வேலைக்கு வெளியே போகுமுன் சுருள்களை எடுத்துவந்தான். களஞ்சியத்தில் அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு உண்டு. அதில் பிள்ளையாரும் மடு மாதாவும் அருகருகே இருப்பார்கள். வாரம் முழுக்க மின்விளக்குத்தான். வெள்ளி மத்தியானம் மட்டும் கற்பூரம், அதையும் நான்கு வருடமாகக் கொளுத்துவது இளங்கீரன்தான். துருத் தகரங்கள் தட்டில் கொள்ளவில்லை. சுருள்களை வெளியே எடுத்து, மூடி போட்ட ஒரு பெரிய வட்டத் தகரப் பிஸ்கட் பேணிக்குள் அடுக்கி, பிள்ளையாருக்கு முன்னால் வைத்தான். எவ்வளவு முரடனாக இருந்தாலும் துஷாந்த் சாமியில் கை வைக்கமாட்டான். சாமிக்கு முன்னால் வைத்த எதுவும் இதுவரை கெட்டுப்போனதில்லை. இன்று கற்பூரம் வேண்டாம், பூ மட்டும் வைப்போம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று அவன் போன வீட்டில் பியானோ ஒன்று படியில் இறுகி இரண்டு மணித்தியாலம் தின்றது. துஷாந்த் முன்னமே களஞ்சியத்துக்குத் திரும்பிவிட்டான். மத்தியானம் தாண்டியும் சாமிக்குக் கற்பூரம் கொளுத்த யாரும் வரவில்லை என்று கண்டான். துஷாந்துக்குப் பிள்ளையார் என்றால் உயிர். கைகால் கழுவி, நீறு பூசி, கற்பூரத் தட்டை எடுத்தான். தட்டின் கைபிடி உடைந்திருந்தது. வைக்க ஒரு மட்டமான இடம் வேண்டும். பிள்ளையாருக்கு நேர் முன்னால் வட்டமாக, மட்டமாக ஒரு பேணி இருந்தது.

இளங்கீரன் உள்ளே வந்தபோது பேணியின் மேல் கற்பூரம் உயர்ந்து எரிந்துகொண்டிருந்தது. துஷாந்த் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றான்.

இளங்கீரன் பாய்ந்தான். கற்பூரத் தட்டைக் கையால் தட்டிவிட்டு, சுட்ட பேணியை இரண்டு கையாலும் அணைத்தான். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்த துஷாந்த் கண்டது சாமிக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தைத் தட்டிவிட்ட ஒருவனை. அவனுடைய முதல் குத்து காதடியில் விழுந்தது. இரண்டாவது வாயில். பல்லொன்று உடைந்து இளங்கீரனின் நாக்கில் பட்டது. "சாமியிலயும் கை வைக்கிறியோ நாயே" என்று கத்திக்கொண்டு வயிற்றில் உதைத்தான். இளங்கீரன் முழங்காலில் விழுந்தான், ஆனால் பேணியை விடவில்லை. அடிபடுவது அவனுக்குப் பழக்கம். பேணிதான் கடிதம், கடிதம்தான் வீடு. "நெருப்படா, தள்ளி நில்" என்று சொல்லப் பார்த்தான். வாய்க்குள் இரத்தம், சொல் வெளியே வரவில்லை. மூன்றாவது உதையில் பேணி பறந்தது. மூடி கழன்றது. பத்துச் சுருளும் நிலத்தில் பாம்புக் குட்டிகள்போல அவிழ்ந்து உருண்டன. நிலத்தில் கற்பூரத் துண்டு அணையாமல் கிடந்தது.

எரிந்தது என்று சொல்வது போதாது. சீறியது. ஒரு மூச்சு விடுவதற்குள் மஞ்சள் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பி, துஷாந்தின் முதுகையும் தலைமயிரையும் பிடித்துக்கொண்டது. அவன் ஓடினான். எரிகிறவன் ஓடக்கூடாது, ஆனால் எரிகிற எவனும் ஓடத்தான் செய்வான். வளவுக்குள் வந்துவிட்டான், சட்டை முதுகோடு ஒட்டி எரிந்தது.

இளங்கீரனின் கைகள் பைக்குள் இல்லை. தளபாடம் சுற்றுகிற தடித்த கம்பளியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். துஷாந்தின் காலைத் தட்டி விழுத்தினான். முதுகில் முழங்காலை ஊன்றி, கம்பளியால் மூடி, அடித்தான். கழுத்தில், தோளில், தலையில், நெருப்பு எங்கே தெரிந்ததோ அங்கே எல்லாம் தன் முழுப் பலத்தோடு அடித்தான். துஷாந்த் திமிறினான், அலறினான். இளங்கீரன் அவன் முகத்தைச் சீமெந்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு அடித்தான். கம்பளி புகைந்தபோது அதை வீசிவிட்டு வெறுங்கையால் அடித்தான்.

பிறகு தண்ணீர்க் குழாயை இழுத்துவந்தான். நெருப்புக் காயத்துக்கு இருபது நிமிடம் குளிர்த்தண்ணீர் விடவேண்டும் என்று முன்பொருநாள் யாரோ படிப்பித்தது நினைவில் இருந்தது. தன் தோல் உரிந்த கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை துஷாந்தின் முகத்துக்கு வெயில் படாமல் குடைபோலப் பிடித்துக்கொண்டு இருந்தான். வலியில் துஷாந்த் அம்மா அம்மா என்று முனகினான். "முடிஞ்சுது ராசா, இன்னும் கொஞ்சம்தான்" என்று இளங்கீரன் திரும்பத் திரும்பச் சொன்னான். ராசா என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது.

பக்கத்து டயர்க் கடைக்காரர் வேலிக்கு மேலால் கண்டது வேறு. ஒருவன் ஒருவனை விழுத்தி, மேலே ஏறி, விடாமல் அடிக்கிறான் என்றே அவர் பொலிசுக்குச் சொன்னார். வளவுக் கமராவும் அதைத்தான் காட்டியது. மத்தியான வெயில் நேராக விழுந்ததில் நெருப்பு அதில் தெரியவில்லை. சத்தமும் இல்லை. ஒருவன் காலைத் தட்டி விழுத்துகிறான், முழங்காலை ஊன்றுகிறான், அடிக்கிறான், அடிக்கிறான். உள்ளே களஞ்சியம் எரிந்ததற்கும் அவனே காரணமோ என்று பொலிஸ் கேட்டது. அவனுடைய பழைய வழக்கு அவர்கள் கையில் இருந்தது.

கைகளுக்குக் கட்டுப் போட்டபின் இளங்கீரனைப் பொலிஸ் நிலையத்தில் இருத்தினார்கள். தர்சினி வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இனி எல்லாம் துஷாந்தின் வாயில் இருக்கிறது என்றாள். ஒரு சொல் போதும், அவனுக்கு அது நான்கு மாதமாக வேண்டியிருந்த சொல். இளங்கீரன் கண்ணை மூடிக்கொண்டான். அவனால் கேட்கமுடிந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையாரே, அவன்ர கண்ணுக்கு ஒண்டும் ஆகியிருக்கக்கூடாது. தனக்காக ஏன் கேட்கவில்லை என்று பிறகு யோசித்தபோது அவனுக்கே விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஞானேந்திரன் பிறகு சொன்னார். தாதி ஒருத்தி தொலைபேசியைத் துஷாந்தின் காதில் பிடித்திருந்தாள். மறுமுனையில் மகேந்திரராஜா, குரல் பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டது. "அடிச்சவன் எண்டு சொல்லு. அது போதும். ஆண்டவன் தந்த சந்தர்ப்பம்." பொலிஸ்காரி கட்டிலடிக்கு வந்து, அவர் உன்னை அடித்தாரா என்று கேட்டாள்.

"ஓம், அடிச்சவர்," என்று துஷாந்த் சொல்லியிருக்கிறான். "அடிக்காட்டி நான் இப்ப உங்களோட கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன். முதல்ல அடிச்சது நான். நாலு மாசமா நான்தான் அடிச்சனான். அந்தாள் ஒருக்காலும் திருப்பி அடிக்கேல்லை. அதையும் எழுதுங்கோ."

அன்று பின்னேரமே இளங்கீரனை விட்டார்கள். அந்த வாக்குமூலத்தின் பிரதியைத் தர்சினி விசாக் கோப்பில் சேர்த்தாள். சயந்தினியும் பத்துச் சுருள் போன கவலையோடு, ஆனால் சொன்ன சொல் மாறாமல், கடிதம் எழுதிக் கொடுத்தாள். நடந்த பிழையையும் அதில் மறைக்காமல் எழுதினாள். பெப்ரவரியில் முடிவு வந்தது, விசா நிலைத்தது.

மார்ச்சில் சயந்தினி இருவரையும் காப்பகத்துக்கு அழைத்தாள். அவள் கொண்டுபோன ஒரே ஒரு சுருளைப் பிரதி எடுத்து முடித்திருந்தாள். துஷாந்தின் கழுத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. இருவரும் ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தார்கள்.

படம் இரண்டு நிமிடம்கூட இல்லை. கடற்கரைப் பட்டணம் ஒன்றின் தெரு. ஒட்டுமீசை வைத்த இருவர் சண்டை பிடிக்கிறார்கள். பாண் பறக்கிறது, தடி ஓங்குகிறது, ஒருவன் மற்றவனின் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமத்துகிறான். அவன் மூச்சு முட்டித் துடிக்கிறான். வீதியில் நின்று பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பொலிஸ்காரன் ஓடிவந்து இருவரையும் அடிக்கிறான், இருவரும் சேர்ந்து அவனை அடிக்கிறார்கள். ஒருவன் நிலத்தில் விழ, மற்றவன் அவன்மேல் ஏறியிருந்து குத்துகிறான். இளங்கீரன் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது படத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் கூடை. நடிக்க வந்தவள் இல்லை, தெருவால் போனவள். சண்டையை உண்மை என்று நம்பிவிட்டாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, மேலே இருந்தவனைத் தள்ளிவிட்டு, கீழே கிடந்தவனின் தலையைத் தூக்கி, தன் சால்வை நுனியால் அவன் வாயைத் துடைத்தாள். அந்த நடிகன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைப் பார்க்கிறான். ஒட்டுமீசை கழன்று தொங்குகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

"படத்துக்குப் பேர் தெரியாது, ஆர் எடுத்ததெண்டும் தெரியாது," என்றாள் சயந்தினி. "அவவை வெட்டாமல் விட்டிருக்கினம். ஏனெண்டு எனக்கும் விளங்கேல்லை."

துஷாந்த் இன்னொருமுறை போடச் சொன்னான். பிறகு இன்னொருமுறை. வெளியே வந்து டண்டினொங் ரயிலுக்கு நின்றபோது, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணாட்ட வாறியளோ?"

இளங்கீரன் ஓம் என்றான்.

மகேந்திரராஜா கதவைத் திறந்தார். இளங்கீரனைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. வலக்கையை ஓங்கி அறைந்தார். நெருப்புத் தழும்பு மாறாத இளங்கீரனின் கைகள் பக்கத்தில் தொங்கியபடியே இருந்தன. பைக்குள் போகவுமில்லை. திரும்ப அறைந்தார். உதடு வெடித்து இரத்தம் நாடியில் இறங்கியது. மூன்றாவதுக்குக் கை உயர்ந்தது.

"அண்ணா," என்றான் துஷாந்த்.

"மூண்டு எனக்கு வரவேணும்," என்றார் மகேந்திரராஜா. சரியாக மூடாத வாயால் அந்தச் சொற்கள் நனைந்து வந்தன.

"ஓம், மூண்டுதான்," என்றான் இளங்கீரன். "மூண்டாவது நீங்கள் விழுந்த பிறகு அடிச்சது. அதுக்குத்தான் வந்தனான். என்னை மன்னியுங்கோ எண்டு கேக்க இவ்வளவு நாள் எடுத்திட்டுது."

உயர்ந்த கை அங்கேயே நின்றது. நின்ற கை மெல்லக் கீழே இறங்கியது. மகேந்திரராஜா உள்ளே போனார். இருவரும் வாசலில் நின்றார்கள். குசினிக்குள் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் ஒரு துவாயை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து நீட்டினார்.

"வாயைத் துடை," என்றார். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. தேத்தண்ணி வைக்கிறன்."